மீட்டர் சொன்ன கணக்கு: பிரிட்டனில் எரிவாயு பில்லின் வரலாறு

குழாய் வழியே எரிவாயு விற்கும் தொழில் பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. பில் தகராறும் கூடவே பிறந்தது. அரிசியைப் படியில் அளக்கலாம், நிலக்கரியைத் தராசில் நிறுக்கலாம். வாங்குபவர் எதிரில் நின்று பார்த்துக்கொள்ளலாம். எரிவாயு கண்ணுக்குத் தெரியாது. எரிந்து தீர்ந்தபின் அளந்து பார்க்க எதுவும் மிஞ்சுவதுமில்லை. எவ்வளவு செலவானது என்பது மூன்று மாதம் கழித்து வரும் பில்லைப் பார்த்த பிறகே வீட்டுக்காரருக்குத் தெரியும். அதில் எதிர்பாராத தொகை இருந்தால் யார் சொல்லும் கணக்கை நம்புவது? இந்தக் கேள்விக்குப் பிரிட்டன் இருநூறு ஆண்டுகளாக விடை தேடிவந்திருக்கிறது. ஒவ்வொரு விடையும் பழைய தகராறு ஒன்றைத் தீர்த்துவைத்தது; பெரும்பாலும் புதிதாக ஒன்றையும் கொண்டுவந்தது.

மீட்டருக்கு முந்தைய காலம்

நீராவி எந்திரத் தொழிலில் இருந்த வில்லியம் மர்டாக் 1792இல் கார்ன்வால் பகுதியின் ரெட்ரூத் ஊரில் தம் வீட்டுக்கு நிலக்கரி வாயுவால் விளக்கேற்றினார். ஜெர்மனியிலிருந்து வந்த பிரெடரிக் ஆல்பர்ட் வின்சர் 1807இல் லண்டனின் பால் மால் தெருவில் வாயு விளக்குகளை எரித்துக் காட்டினார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி உலை வேண்டாம். ஓரிடத்தில் வாயு தயாரித்து, தெருவுக்கடியில் குழாய் பதித்து, பலருக்கு விற்கலாம் என்பது வின்சரின் திட்டம். அந்தத் திட்டத்திலிருந்து ‘கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி’ உருவாகி 1812இல் அரச சாசனம் பெற்றது. 1813 டிசம்பர் 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் வாயு விளக்குகள் எரிந்தன.

தொடக்க கால வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள், ஆலை முதலாளிகள். அவர்களிடம் செலவான வாயுவை அளந்து பணம் வாங்க அப்போது கருவி இல்லை. விளக்குக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசினார்கள். எத்தனை விளக்கு, எந்த வகைச் சுடர்முனை, இரவு எத்தனை மணி வரை எரியும் என்ற மூன்றையும் வைத்துத் தொகை முடிவாகும். எட்டு மணிக்கு அணைப்பவருக்கு ஒரு தொகை; பத்து மணி வரை எரிப்பவருக்கு அதைவிடக் கூடுதல்.

இந்த முறையில் பில் எதிர்பாராமல் ஏறாது. தொகை முன்பே தெரியும். நஷ்டப்பட்டது கம்பெனிதான். எட்டு மணி வரைக்கான பணம் கட்டியவர் பத்து மணி வரை எரித்தார். சுடர்முனையின் துளையைப் பெரிதாக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஒப்பந்த நேரம் முடிந்தபின் எந்தக் கடையில் வெளிச்சம் தெரிகிறது என்று பார்க்கக் கம்பெனி ஆட்கள் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். பின்கட்டில் எரியும் விளக்கு தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. சிக்கனமாக எரித்தவரும் வீணடித்தவரும் ஒரே பணம் கட்டியதால் சிக்கனமாக இருக்கக் காரணமும் இல்லை. இந்த நஷ்டம்தான் கம்பெனிகளை அளவுக்கருவி தேட வைத்தது. வாடிக்கையாளர் கேட்டு மீட்டர் வரவில்லை. வாடிக்கையாளர் மீது நம்பிக்கை இல்லாமல் வந்தது.

தண்ணீர் மீட்டரும் தோல் மீட்டரும்

கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனியின் பொறியாளர் சாமுவேல் கிளெக் 1815இல் தண்ணீர் கொண்டு இயங்கும் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். ஜான் மாலம் 1819 வாக்கில் அதைத் திருத்தினார். சாமுவேல் கிராஸ்லி மேலும் செப்பனிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் அமைப்பு எளிமையானது. இரும்புப் பெட்டியில் பாதிக்குச் சற்று மேல்வரை தண்ணீர் இருக்கும். அதற்குள் நான்கு அறைகள் கொண்ட உருளை படுக்கைவாட்டில் சுழலும். உள்ளே வரும் வாயு ஓர் அறையை நிரப்பி உருளையைத் தள்ளும். நிரம்பிய அறை மறுபக்கம் போய் வாயுவை வெளியே விடும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு வாயு என்பது தெரியும். சுற்றுகளைப் பல்சக்கரங்கள் எண்ணி, முகப்பிலுள்ள முட்களில் கன அடியாகக் காட்டும்.

அளவு சரியாக வருவது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் ஒவ்வோர் அறையிலும் வாயுவுக்கு இடம் கூடும், மீட்டர் குறைவாகக் காட்டும், நஷ்டம் கம்பெனிக்கு. தண்ணீர் அதிகமானால் இடம் சுருங்கும்; மீட்டர் கூடுதலாகக் காட்டும்; நஷ்டம் வீட்டுக்காரருக்கு. மட்டம் மிகவும் தாழ்ந்தால் வாயுவையே அடைத்துவிடும் மிதவை ஒன்றையும் வைத்தார்கள். அது இறங்கி அடைத்ததும் வீட்டு விளக்குகள் மொத்தமாக அணைந்துபோகும். கடுங்குளிரில் தண்ணீர் உறைந்தாலும் அதே கதிதான். மீட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வந்த கம்பெனி ஆள் சற்றுத் தாராளமாக ஊற்றிவிட்டுப் போனார் என்று வீட்டுக்காரர் சந்தேகப்பட இயற்பியல் இடம் கொடுத்தது.

1840களில் தண்ணீரில்லாத மீட்டர்கள் விற்பனைக்கு வந்தன. இவற்றில் துருத்திபோல் விரிந்து சுருங்கும் தோல் பைகள் இருந்தன. ஒரு பை நிறையும்போது மற்றது காலியாகும். அந்த அசைவு எண்ணப்படும். உறைபனிப் பிரச்சினை தீர்ந்தது. புதுப் பிரச்சினை தோலில் வந்தது. தோல் காய்ந்து விறைத்தால் பை முழுதாக விரியாது. குறைந்த வாயு போனாலும் முழு அளவாக எண்ணப்பட்டு பில் ஏறும். தோலில் ஓட்டை விழுந்தால் வாயு எண்ணப்படாமலே கடந்து போகும்.

முகப்பைப் படிப்பதிலும் சிக்கல் இருந்தது. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று திருப்புவதால் அடுத்தடுத்த முட்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒரு முள் 3க்கும் 4க்கும் நடுவில் நின்றால் 3 என்று எடுக்க வேண்டும். ஆயிரக் கணக்கு முள்ளை ஓர் எண் தள்ளிப் படித்தால் ஆயிரம் கன அடி கூடிவிடும். அடுத்த முறை சரியாகப் படிக்கும்போது அது தானாக நேராகும். இடையில் வந்த பில்லைக் கட்டியாக வேண்டியவர் வீட்டுக்காரர்.

மீட்டர் பொய் சொல்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டில் சாதாரணமாகக் கேட்ட புகார். ஆனால் பில் ஏறியதற்கு மீட்டரே காரணமாக இருக்கத் தேவையில்லை. லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு எட்டு மணிக்கு மேல் ஆகும். டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே மறைந்துவிடும். விளக்கு எரியும் நேரம் பல மடங்கு கூடுவதால் குளிர்காலக் காலாண்டின் பில் கோடைக்கால பில்லைவிடப் பல மடங்கு ஏறுவது இயல்பு. வீட்டுக்குள்ளிருந்த குழாய் இணைப்புகளின் கசிவும் மீட்டரைத் தாண்டிய பின்பு நடப்பதால் வீட்டுக்காரர் கணக்கில்தான் ஏறும். தெருக் குழாயில் அழுத்தம் கூடினால் அதே சுடர்முனை அதிக வாயுவை இழுக்கும். வெளிச்சம் அதற்கு ஏற்பக் கூடாமல் வாயு மட்டும் வீணாகும். இதைத் தடுக்க அழுத்தத்தைச் சீராக்கும் கருவிகளை வீட்டுக்காரர்கள் தனியே வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

விலைச் சண்டை

பில் தொகையில் பாதி அளவைப் பொறுத்தது என்றால், மறுபாதி விலையைப் பொறுத்தது. லண்டனில் தொடக்க காலத்தில் ஆயிரம் கன அடிக்கு 15 ஷில்லிங் வாங்கினார்கள். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கியது. இறங்கியது போதாது என்பது வாடிக்கையாளர்களின் வாதம். அவர்களைத் திரட்டியவர் லண்டன் மாநகரக் குழுவின் வழக்கறிஞர் சார்லஸ் பியர்சன். உலகின் முதல் சுரங்க ரயில் பாதை அமையப் பாடுபட்டவரும் இவரே. வாடிக்கையாளர்கள் தாங்களே கம்பெனி அமைத்து மலிவாக வாயு விற்கலாம் என்று 1849இல் பிரசாரம் செய்தார். ‘கிரேட் சென்ட்ரல் கேஸ் கன்ஸ்யூமர்ஸ் கம்பெனி’ அதிலிருந்து பிறந்தது. ஆயிரம் கன அடி 4 ஷில்லிங் என்பது அதன் வாக்குறுதி. பழைய கம்பெனிகளும் விலையை இறக்க வேண்டியதாயிற்று.

போட்டி நீடிக்கவில்லை. ஒரே தெருவை மூன்று நான்கு கம்பெனிகள் மாறிமாறித் தோண்டுவதால் யாருக்கும் லாபமில்லை என்று கண்டு, கம்பெனிகள் லண்டனைப் பங்கு போட்டுக்கொண்டன. 1860ஆம் ஆண்டின் மாநகர எரிவாயுச் சட்டம் அந்தப் பங்கீட்டை ஏற்றது. அதன்பின் ஒரு வட்டாரத்தில் ஒரே கம்பெனி. பில் பிடிக்கவில்லை என்று வேறிடத்தில் வாங்க வழியில்லை. போட்டி இல்லாத இடத்தில் விலைக்குக் கடிவாளம் போட நாடாளுமன்றம் இறங்கியது.

1847ஆம் ஆண்டின் சட்டமே கம்பெனிகளின் பங்காதாயத்துக்கு 10 விழுக்காடு உச்சவரம்பு வைத்திருந்தது. வரம்பைத் தொட்ட கம்பெனிக்கு விலையைக் குறைக்கத் தூண்டுதல் ஏதும் இல்லை. 1870களின் நடுவில் புது முறை வந்தது. ஓர் அடிப்படை விலை நிர்ணயிக்கப்பட்டது. கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனிக்கு அது ஆயிரம் கன அடிக்கு 3 ஷில்லிங் 9 பென்ஸ். அதிலிருந்து ஒரு பென்னி குறைத்தால் பங்காதாயத்தைக் கால் விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். ஒரு பென்னி ஏற்றினால் கால் விழுக்காடு குறைக்க வேண்டும். வாடிக்கையாளரின் பில் குறைந்தால்தான் பங்குதாரரின் வரவு கூடும் என்ற இந்த ஏற்பாட்டைச் சவுத் மெட்ரோபாலிட்டன் கம்பெனியின் ஜார்ஜ் லைவ்சி முன்னின்று ஆதரித்தார்.

முத்திரை குத்திய மீட்டர்

விலைச் சண்டை நடந்த அதே காலத்தில் அளவுச் சண்டைக்கும் சட்டம் வந்தது. 1859ஆம் ஆண்டின் எரிவாயு விற்பனைச் சட்டம் முதலில் கன அடி என்றால் என்ன என்று வரையறுத்தது. 62 டிகிரி பாரன்ஹீட் வெப்பநிலையில், 30 அங்குலப் பாதரச அழுத்தத்தில், 62.321 பவுண்டு எடையுள்ள காய்ச்சி வடித்த நீர் அடைக்கும் இடம் ஒரு கன அடி. அதற்கேற்பச் செய்த மூல அளவைகளை அரசு வைத்துக்கொண்டது. புது மீட்டர் ஒவ்வொன்றும் ஆய்வாளரிடம் போக வேண்டும். அளவு தெரிந்த வாயுவை அதன் வழியே செலுத்தி, சரியாகக் காட்டினால் ஆய்வாளர் முத்திரை குத்துவார்.

எந்த மீட்டரும் துல்லியமாக இராது என்பதையும் சட்டம் ஒப்புக்கொண்டது. கம்பெனிக்குச் சாதகமாக 2 விழுக்காடு, வாங்குபவருக்குச் சாதகமாக 3 விழுக்காடு வரை பிழை இருக்கலாம். இரண்டும் சமமாக இல்லாதது தற்செயல் அல்ல. தவறு நேர்ந்தால் அது வீட்டுக்காரர் பக்கம் சாயட்டும் என்பது அதன் பொருள். ஒரு காலாண்டில் 10,000 கன அடி எரிக்கும் வீட்டில் 2 விழுக்காடு என்பது 200 கன அடி. ஆயிரம் கன அடி 4 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் அது 11 பென்ஸுக்கும் குறைவு. முத்திரை பெற்ற மீட்டர் ஒழுங்காக இருக்கும்வரை அதன் பிழையால் பில் இரட்டிப்பாக முடியாது என்று இதனால் உறுதியானது. இரட்டிப்பாகும் பில்லுக்கு மீட்டரின் பழுது, கசிவு, பருவம், பயன்பாடு, படிப்பதில் பிழை ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

1871ஆம் ஆண்டின் சட்டம் வழக்குக்கு வழி வகுத்தது. மீட்டரின் முகப்பு காட்டும் அளவு முதல் நோக்கில் சான்றாகும்; மறுப்பவர்தான் அது தவறென்று நிறுவ வேண்டும். தகராறு முற்றினால் இரண்டு நீதிபதிகள் முன் கொண்டுபோகலாம். இதன்பின் கம்பெனி ஆள் கண்ணால் பார்த்ததும் வீட்டுக்காரர் நினைவில் வைத்திருந்ததும் பின்னுக்குப் போயின, எந்திரம் சாட்சியாயிற்று.

அளவு சரி, தரம்? மட்டமான வாயுவில் சுடர் மங்கும், அதே வெளிச்சத்துக்கு அதிக வாயு வேண்டும், பில் ஏறும். 1868ஆம் ஆண்டின் சட்டம் லண்டன் வாயுவின் தூய்மைக்கும் ஒளித்திறனுக்கும் அளவுகோல் வகுக்க நடுவர்களை நியமித்தது. ஜான் டின்டால் போன்ற அறிவியலாளர்கள் பின்னாளில் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள்.

பென்னி மீட்டர்

மூன்று மாதத்துக்கொருமுறை மொத்தமாகக் கட்டும் முறை கூலி வேலை செய்பவருக்குப் பொருந்தவில்லை. வாரக்கூலி வாங்கும் குடும்பத்தில் காலாண்டு முடிவில் ஒரு பெரிய தொகை எடுத்து வைத்திருக்க முடியாது. இப்படிப்பட்டவருக்குக் கடனில் வாயு கொடுக்கக் கம்பெனியும் தயங்கியது. அந்த வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கும் நிலக்கரி அடுப்புமே இருந்தன. 1880களின் பிற்பகுதியில் வந்த காசு போடும் மீட்டர் இந்த நிலையை மாற்றியது. ஆர். டபிள்யூ. பிரவுன்ஹில் 1887இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லண்டனில் சவுத் மெட்ரோபாலிட்டன் கம்பெனி 1892 முதல் இதைத் தொழிலாளர் வீடுகளுக்குக் கொண்டுபோனது.

துளையில் ஒரு பென்னியைப் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் வால்வு ஓர் அளவுக்குத் திறக்கும். வாயு போகப் போகப் பல்சக்கரம் அதை மெல்ல மூடிக்கொண்டே வரும். அந்தப் பென்னிக்கான கன அடி தீர்ந்ததும் முழுதாக மூடிவிடும். விலை மாறினால் ஒரு சக்கரத்தை மாற்றினால் போதும். கம்பெனி அடுப்பு, விளக்கு, குழாய் எல்லாவற்றையும் தானே பொருத்திக் கொடுத்தது. அவற்றின் வாடகையைப் பென்னிக்குக் கொடுக்கும் வாயுவைக் குறைத்து ஈடுகட்டியது. அடுப்பு வாங்க வசதியில்லாத இலட்சக்கணக்கான வீடுகள் இப்படித்தான் வாயுவில் சமைக்கத் தொடங்கின.

எதிர்பாராத பில் என்ற தொல்லை இந்த வீடுகளில் ஒழிந்தது, பில்லே கிடையாது. அதற்கு ஈடாக இரண்டு சுமைகள் வந்தன. ஒரு பென்னிக்குக் கிடைக்கும் வாயு, காலாண்டு பில் கட்டும் வசதியுள்ளவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. கையில் காசு தீர்ந்தால் அடுப்பும் அணையும். காசு வசூலிக்க வருபவர் பெட்டியைத் திறந்து பென்னிகளை மேசையில் கொட்டி எண்ணுவார்; கணக்குப்படி சேர வேண்டியதற்கு மேல் இருப்பதில் ஒரு பங்கை வீட்டுக்காரியிடம் அங்கேயே திருப்பிக் கொடுப்பார். பல வீடுகளில் அந்தத் தொகை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வரவாகவே ஆகிவிட்டது. பெட்டியில் செல்லாக் காசும் தகடுகளும் கிடப்பதும், பெட்டியையே உடைத்துத் திருடுவதும் வாடிக்கையாயின. பென்னிக்குப் பின் ஷில்லிங் மீட்டர்கள் வந்தன. 1971இல் நாணய முறை தசமத்துக்கு மாறியபோதும் அவை வாடகை அறைகளில் இருந்தன.

வெளிச்சத்திலிருந்து வெப்பத்துக்கு

1880களில் மின்விளக்கு வந்தது. கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் காப்புரிமை பெற்ற வலைத்திரி, குறைந்த வாயுவில் பன்மடங்கு வெளிச்சம் கொடுத்து வாயு விளக்கைச் சில பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்தது. ஆனால் திரியைச் சூடாக்கத் தேவை வெப்பம். சமையலுக்கும் அறைக் கணப்புக்கும் தேவை வெப்பம். சுடரின் பிரகாசத்தை அளந்து தரம் பார்ப்பதில் பொருளில்லாமல் போயிற்று.

1920ஆம் ஆண்டின் எரிவாயு ஒழுங்குமுறைச் சட்டம் ‘தெர்ம்’ என்ற அலகில் விலை வைத்தது. ஒரு தெர்ம் என்பது 1,00,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு. கம்பெனி தன் வாயுவின் வெப்ப மதிப்பை அறிவிக்க வேண்டும். மீட்டர் காட்டும் கன அடியை அந்த மதிப்பால் பெருக்கித் தெர்ம் கணக்குப் போட்டு பில் வரும். வெப்ப மதிப்பைச் சோதிக்கும் கலோரிமீட்டரை நடுவர்களில் ஒருவரான இயற்பியலாளர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ் உருவாக்கினார்.

இது முந்தைய முறையைவிட நியாயமானது. மட்டமான வாயுவைக் கன அடிக் கணக்கில் தள்ளிவிட்டுக் காசு பார்க்க இனி முடியாது. வாடிக்கையாளருக்கு ஒரு பிடி நழுவியது: மீட்டரில் ஓர் அலகு, பில்லில் வேறோர் அலகு. முட்களைப் படிக்கத் தெரிந்தவரும் தொகையைத் தாமே சரிபார்க்க ஒரு பெருக்கல் கணக்கைத் தாண்டியாக வேண்டும். இந்த இடைவெளி இன்றுவரை நீங்கவில்லை.

அரசுடைமையும் கடல் வாயுவும்

1948ஆம் ஆண்டின் சட்டப்படி 1949 மே 1 அன்று எரிவாயுத் தொழில் அரசுடைமையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளும் நகராட்சி நிலையங்களும் 12 வட்டார வாரியங்களின் கீழ் வந்தன. ஒவ்வொரு வாரியத்துக்கும் வாடிக்கையாளர் சார்பில் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. அதுவரை நீதிமன்றத்தையும் பத்திரிகையையும் நம்பியிருந்த பில் புகாருக்கு முதல்முறையாக ஓர் அலுவலக வாசல் திறந்தது.

நிலக்கரியிலிருந்து வாயு காய்ச்சும் காலம் அடுத்த கால் நூற்றாண்டில் முடிந்தது. 1959இல் ‘மீத்தேன் பயனியர்’ கப்பல் அமெரிக்காவிலிருந்து திரவ இயற்கை வாயுவைக் கேன்வி தீவுக்குக் கொண்டுவந்தது. 1965இல் வடகடலில் பிரிட்டன் பக்கம் வாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை ஊர் ஊராக, தெருத் தெருவாகப் போய் அடுப்புகளின் சுடர்முனைகளை மாற்றினார்கள். பழைய நகர வாயுவில் ஒரு கன அடிக்குச் சுமார் 500 வெப்ப அலகு. இயற்கை வாயுவில் சுமார் 1,000. அதே சமையலுக்கு மீட்டர் பாதிதான் ஓடும். தெர்ம் கணக்கு இருந்ததால் இந்தப் பெரிய மாற்றம் பில்லின் அடிப்படையைக் குலைக்கவில்லை.

குலைத்தது பயன்பாடு. கடல் வாயுவுடன் வீடு முழுவதையும் சூடாக்கும் மைய வெப்ப அமைப்பு பரவியது. சமையலுக்கும் ஓர் அறைக் கணப்புக்கும் மட்டும் இருந்த வாயு, கொதிகலன் வழியே எல்லா அறைக்கும் போயிற்று. ஒரு கடுங்குளிர் வாரம், சரியாக மூடாத ஒரு சன்னல், ஒன்றிரண்டு டிகிரி கூட்டி வைத்த தெர்மோஸ்டாட் ஆகியவை பில்லில் தெரியத் தொடங்கின.

இதே காலத்தில் கணினி பில் வந்தது. பகலில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பெருகியதால் மீட்டர் பார்க்க வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். முந்தைய ஆண்டின் பயன்பாட்டை வைத்துக் கணினி தோராயமாக ஒரு தொகை போட்டது. தோராயம் குறைவாக இருந்தால் வீட்டுக்காரர் மகிழ்ந்து கட்டிவிடுவார். ஒருநாள் உண்மையான அளவு எடுக்கப்படும்போது விட்டுப்போனது மொத்தமும் ஒரே பில்லில் வந்து சேரும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்பாராத பில்லுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தத் தோராயக் கணக்கு.

தனியார் காலம்

வட்டார வாரியங்கள் 1973இல் ஒரே நிறுவனமாயின. 1986இல் அந்நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. விலையைக் கண்காணிக்க ‘ஆஃப்கேஸ்’ என்ற ஒழுங்குமுறை அமைப்பு வந்தது. வீடுகளுக்கு வாயு விற்பதில் போட்டி 1996இல் நாட்டின் தென்மேற்கில் சோதனையாகத் தொடங்கி 1998இல் நாடு முழுதும் பரவியது. 1849இல் பியர்சன் கேட்டது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறு உருவில் கிடைத்தது. குழாய் ஒன்றே, அதன் வழியே பில் அனுப்பும் நிறுவனங்கள் பல.

1992இல் பில்லின் அலகு தெர்மிலிருந்து கிலோவாட் மணிக்கு மாறியது. பழைய மீட்டர்கள் நூறு கன அடி கணக்கிலும் புதியவை கன மீட்டரிலும் காட்டின. கன மீட்டரை 1.02264 என்ற திருத்த எண்ணாலும், 39ஐ ஒட்டிய வெப்ப மதிப்பாலும் பெருக்கி 3.6ஆல் வகுத்தால் கிலோவாட் மணி வரும். சுமாராக ஒரு கன மீட்டருக்கு 11. நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். வீட்டில் இருப்பது கன மீட்டர் காட்டும் புது மீட்டர், நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது கன அடி மீட்டர் என்றால் பில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். மீட்டரும் சரி, படித்ததும் சரி, பெருக்கியதும் சரி. பதிவேட்டில் ஒரு குறிப்பு மட்டும் தவறு. இப்படிப்பட்ட பில்கள் உண்மையிலேயே வந்திருக்கின்றன.

2019 ஜனவரியில், ஆஃப்கேஸுக்குப் பின் வந்த ஒழுங்குமுறை அமைப்பான ‘ஆஃப்ஜெம்’ விலை வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சராசரி வீட்டின் ஆண்டு எரிவாயு, மின்சாரச் செலவாக அது அறிவிக்கப்பட்டதால் அதற்குமேல் பில் வராது என்று பலர் எண்ணினார்கள். வரம்பு உண்மையில் ஓர் அலகின் விலைக்கும் அன்றாட நிலைக்கட்டணத்துக்கும்தான். கூடுதலாக எரித்தால் பில் கூடும். உலகச் சந்தையில் வாயு விலை 2021இல் ஏறத் தொடங்கி, உக்ரைன் போர் தொடங்கியபின் மேலும் எகிறியது. 1,277 பவுண்டாக இருந்த வரம்பு 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. அக்டோபருக்கு 3,549 பவுண்டு என்று அறிவிப்பு வந்தது. அரசு தலையிட்டுச் சராசரி வீட்டுக்கு 2,500 பவுண்டு என்ற அளவில் அலகு விலையை நிறுத்தி, வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு 400 பவுண்டு தள்ளுபடியும் கொடுத்தது. இந்த முறை ஏறிய பில்லில் அளவைப் பற்றித் தகராறு இல்லை; விலையே பிரச்சினை.

பென்னி மீட்டரின் வாரிசான முன்பண மீட்டரும் இந்த நெருக்கடியில் மறுபடி பேச்சுக்கு வந்தது. பாக்கி வைத்தவர்களின் வீடுகளில் நீதிமன்ற ஆணையுடன் நுழைந்து முன்பண மீட்டரைப் பொருத்துவது வழக்கமாக இருந்தது. நோயாளிகளும் குழந்தைகளும் உள்ள வீடுகளிலும் இது நடந்தது வெளிவந்ததால் 2023 பிப்ரவரியில் அந்த நடைமுறை நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் கடுமையான விதிகளுடன் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

இன்றைய நடைமுறை

அளவைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்கள் கடந்த பத்தாண்டுகளில் பரவியதால் தோராய பில்கள் குறைந்துவருகின்றன. தகராறு வந்தால் நடக்கும் முறையில் பழைய சட்டங்களின் தடம் அப்படியே தெரிகிறது. முதலில் மீட்டர் முகப்பும் பில்லிலுள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா, எண் உண்மையாக எடுத்ததா தோராயமா, மீட்டரின் வரிசை எண்ணும் அலகும் பதிவேட்டில் உள்ளவைதானா என்று பார்க்கிறார்கள். அடுத்து எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஓடினால் கசிவு அல்லது மீட்டர் பழுது. மீட்டரின் மீதே சந்தேகம் என்றால் தனிச் சோதனைக்கு அனுப்பலாம். நிறுவனத்திடம் கொடுத்த புகார் எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்தி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தோராயக் கணக்கால் சேர்ந்த பழைய பாக்கிக்கு 2018 முதல் ஒரு வரம்பு உண்டு. நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்டுப்போன பயன்பாட்டில் கடந்த 12 மாதத்துக்கு உரியதை மட்டுமே வசூலிக்கலாம். அதற்கு முந்தையது கம்பெனியின் நஷ்டம். மீட்டரைப் பார்க்கவிடாமல் தடுத்தவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது.